வாசிக்க மட்டும்: கீரிமலையில் ஒரு கணினி எழுத மறுத்த கதையும் அதன் பின்னாலுள்ள வரலாறும்

நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, வீட்டுப் பழைய படங்களை ஏதோ ஒரு வன்தட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற எல்லோருக்குமானது.

கீரிமலைக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் கேணியில் நன்னீர் ஊறிக்கொண்டிருக்கும். அந்தக் கேணியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சனசமூக நிலையத்தில்தான் இது நடந்தது. ஆசிரிய கலாசாலையில் ஒன்றாகப் படித்த நண்பர்களோடு நாம் சனிக்கிழமைகளில் அங்கே போவோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி, உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்து, காணிகள் துண்டு துண்டாக விடுபட்ட பிறகு திரும்பி வந்த சனங்களிடம் மிஞ்சியிருக்கிற படங்கள், காணி உறுதிகள், கடிதங்கள் இவற்றை ஸ்கேன் செய்து வைப்பதுதான் வேலை. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் கொடுத்த இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய முஸ்லிம் குடும்பங்களில் நம்முடையதும் ஒன்று. ஒரு கடதாசி மிஞ்சுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கணினி பழையது, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் உபுண்டு லினக்ஸ் போட்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை கரண்ட் மூன்று தரம் போய்ப் போய் வந்தது. நான்காவது தரம் கணினியை எழுப்பி ஒரு கலியாணப் படத்தைச் சேமிக்கப் போனால், முடியாது என்றது. கோப்பு முறைமை 'ரீட்-ஒன்லி', அதாவது வாசிக்கலாம், எழுத முடியாது. பக்கத்தில் கதிரையில் இருந்த ஆச்சி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எல்லாம் போட்டுதோ?" என்று கேட்டா. அவவுடைய கலியாணப் படம்தான் அது.

நகரத்தில் கணினி திருத்துகிற ஒரு தம்பிக்கு அழைத்தோம். "சேர், கொண்டு வாங்கோ, ஃபோர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாறன்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஃபோர்மட் அடித்திருந்தால் இந்தப் பதிவை எழுத நமக்கு மனம் வந்திராது.

அன்று கணினி பழுதாகவில்லை. தனக்கு நிச்சயமில்லாத ஒன்றை எழுத மறுத்தது, அவ்வளவுதான். அந்தக் குணம் அதற்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஒரு கோப்பைச் சேமிப்பது நமக்கு ஒரு வேலை. வன்தட்டுக்கு அது பல வேலை. படத்தின் உள்ளடக்கத்தை ஓரிடத்தில் எழுத வேண்டும். அந்தக் கோப்பின் அளவு, அது கிடக்கும் இடம் முதலியவற்றைச் சொல்லும் 'ஐநோட்' என்ற அட்டையை இன்னோரிடத்தில் எழுத வேண்டும். கோப்புறையில் பெயரைச் சேர்க்க வேண்டும். இந்த இடம் இனிக் காலியில்லை என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். இவற்றின் நடுவே கரண்ட் போனால் சில எழுதப்பட்டிருக்கும், சில இருக்காது. பெயர் இருக்கும், படம் இருக்காது. அல்லது ஒரே இடத்தை இரண்டு கோப்புகள் தமது என்று சொல்லும்.

பழைய யூனிக்ஸ் காலத்தில் இதற்கு மருந்து 'எஃப்.எஸ்.சி.கே' என்ற பரிசோதனை நிரல். கணினி எழும்பும்போது அது வன்தட்டு முழுவதையும் தலையிலிருந்து கால்வரை நடந்து பார்த்து, கணக்கு ஒத்துவராத இடங்களைச் சரிசெய்யும். வன்தட்டு சிறிதாக இருந்தவரை இது பரவாயில்லை. வன்தட்டு வளர வளர, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு மணித்தியாலக் கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தது. லினக்ஸுக்காக 1993இல் ரெமி கார்ட், தியடோர் ட்சோ, ஸ்டீபன் ட்வீடி ஆகியோர் எழுதிய ஈஎக்ஸ்டி2 கோப்பு முறைமையும் இதே நிலையில்தான் இருந்தது. (அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் இந்தப் பிரச்சினை யாருக்கும் வரவில்லை. கரண்டே இல்லையே! சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம்.)

தீர்வு தரவுத்தளக்காரரிடம் ஏற்கெனவே இருந்தது. செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுது, பிறகு செய். நடுவில் விழுந்தால், எழும்பியதும் குறிப்பேட்டைப் பார். முழுதாக எழுதப்பட்ட குறிப்பு என்றால் அதைச் செய்து முடி, அரைகுறைக் குறிப்பு என்றால் அதை நடக்காததாக விட்டுவிடு. 1987இல் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தின் சீடர் கோப்பு முறைமைக்கு ரொபர்ட் ஹாக்மன் இந்த முறையைக் கொண்டுவந்தார். 1990இல் ஐபிஎம் தனது ஏஐஎக்ஸ் பணிசெயல் முறைமையில் இதைக் கொண்டுவந்தது. மைக்ரோசொஃப்டின் என்டிஎஃப்எஸ் 1993இல் வந்தது. இந்தக் குறிப்பேட்டுக்குத்தான் 'ஜேர்னல்' என்று பெயர்.

வணிகம் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல: நாளேடு, பிறகு பேரேடு. நம் வாப்பாவின் வாப்பா யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை வைத்திருந்தார். கடனுக்குச் சாமான் போனால் முதலில் சட்டைப் பையிலிருக்கும் சின்னக் கொப்பியில் ஒரு வரி. இரவு கடை பூட்டிய பிறகு அது பெரிய பேரேட்டுக்கு ஏறும். 1990இல் பேரேடு கடைக்குள்ளேயே நின்றுவிட்டது. கொப்பி பையில் கிடந்தபடி புத்தளம் வரை வந்தது. அதில் கடைசிச் சில நாட்களின் கொடுக்கல் வாங்கல் மட்டுமே இருந்தது. அதற்கு முந்தைய இருபது வருடம் இல்லை. ஜேர்னலைப் பற்றிப் பலர் தவறாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அது உங்கள் படங்களின் பிரதி அல்ல. நடந்துகொண்டிருக்கும் சில நொடி வேலைகளின் குறிப்பு. ஜேர்னல் இருக்கிறது, ஆகவே பக்கப் பிரதி வேண்டாம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

லினக்ஸுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ட்வீடி. 1998 மே மாதம் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த லினக்ஸ் எக்ஸ்போவில், ஈஎக்ஸ்டி2க்கு ஜேர்னல் சேர்ப்பது பற்றிய கட்டுரையை வைத்தார். அவர் செய்த கெட்டித்தனம், புதிதாக ஒரு கோப்பு முறைமையைக் கட்டாமல் பழையதன் மேலேயே ஜேர்னலை ஒரு கோப்பாக வைத்தது. வன்தட்டை ஃபோர்மட் அடிக்காமலே ஒரு கட்டளையால் ஈஎக்ஸ்டி2ஐ ஈஎக்ஸ்டி3 ஆக்கலாம். 2001 நவம்பரில், 2.4.15 பதிப்பில், ஈஎக்ஸ்டி3 லினக்ஸ் கேர்னலுக்குள் வந்தது. அதற்குச் சில மாதம் முன்பே ஜேர்னல் வசதியுடன் ரெய்சர்எஃப்எஸ் உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் சனம் ஈஎக்ஸ்டி3 பக்கம் போனதற்கு, இருப்பதைக் கலைக்காமல் மாறலாம் என்பதே பெரிய காரணம் என்று நாம் நினைக்கிறோம். 2008 டிசம்பரில் ஈஎக்ஸ்டி4 நிலையான பதிப்பாக வந்தது. அந்தச் சனசமூக நிலையக் கணினியிலும் அதுதான்.

ஈஎக்ஸ்டி4 வந்த புதிதில் ஒரு சண்டை நடந்தது. 2009இல் உபுண்டு பாவித்த சிலருக்கு, கணினி திடீரென்று நின்று எழும்பியதும் அப்போதுதான் சேமித்த கோப்புகள் பெயரோடு இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. வேகத்துக்காக உள்ளடக்கத்தைப் பிந்தி எழுதுகிற புதிய முறைதான் காரணம். 'இப்போதே எழுது' என்று கேட்காதது மென்பொருள்காரரின் பிழை என்றார் ட்சோ. விதிப்படி அவர் சரி. ஆனால் விதி தெரியாத சனத்தின் கோப்பும் கோப்புத்தானே. கடைசியில் அவரே அந்தச் சாதாரண சந்தர்ப்பங்களில் தரவு முதலில் போய்ச் சேரும்படி திருத்தம் எழுதினார்.

இனி அன்றைய நாளுக்கு வருவோம்.

ஜேர்னலையே எழுத முடியாமற்போனால் என்ன செய்வது? குறிப்பேடு இல்லாமல் எழுதுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு பேரேட்டைத் திருத்துவது போல. ஆகவே அந்த நிலையில் ஈஎக்ஸ்டி4 ஜேர்னலை நிறுத்தி, முழுக் கோப்பு முறைமையையும் 'வாசிக்க மட்டும்' ஆக்கிவிடும். கேர்னலின் செய்திகளைக் காட்டும் டி-மெசேஜ் கட்டளையை அடித்தபோது அதைத்தான் கண்டோம்: வன்தட்டிலிருந்து வாசிப்புப் பிழைகள் சில, பிறகு 'அபோர்ட்டிங் ஜேர்னல் ஒன் டிவைஸ் எஸ்டிஏ1-8', பிறகு 'ரீமவுண்டிங் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி'. அந்த 8, ஜேர்னல் கோப்பின் ஐநோட் இலக்கம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எழுத முடியாத வன்தட்டில் பிழைக் குறிப்பையும் எழுத முடியாது. ஆகவே இந்தச் செய்திகள் பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். பதற்றத்தில் கணினியை நிறுத்தி எழுப்பினால் சாட்சி போய்விடும். கைத்தொலைபேசியால் திரையைப் படமெடுத்துக்கொண்டோம். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

அடுத்து, எழுதும்படி அதை வற்புறுத்தவில்லை. இணையத்தில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து 'திரும்ப எழுதவிடு' என்பார்கள். ஜேர்னல் நின்றுபோன நிலையில் அது பெரும்பாலும் சரிவராது. வேறு வழியில் சரிவந்தாலும் சேதத்தின் மேல் சேதம்தான். மறுப்பதாக இருந்தாலும் வாசிக்க விடுகிறதே! வெளி வன்தட்டு ஒன்றைக் கொழுவி, வாசிக்க முடிந்ததையெல்லாம் பிரதி எடுத்தோம். உறுதிகள் முதலில், பிறகு படங்கள். சில கோப்புகளில் பிழை காட்டி நின்றது.

அதன் பிறகே கணினியை நிறுத்தி, யூஎஸ்பியிலிருந்து உபுண்டுவை எழுப்பினோம். வன்தட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தோம். பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள் பூச்சியம். சந்தேகத்தில் நிற்கும் பகுதிகளும் பூச்சியம். ஆனால் 199ஆவது வரியிலுள்ள சீஆர்சி பிழைகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் தட்டை விடக் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்டியைத் திறந்து சாட்டா கேபிளைக் கழற்றினால், முனையில் பச்சைக் களிம்பு. கீரிமலை உப்புக்காற்று! அங்கே யன்னல் கம்பிக்கு நடப்பது கேபிளுக்கும் நடந்திருக்கிறது. கரண்ட் போய் வந்தது கடைசி உதை மட்டும்.

புதிய கேபிள் போட்டோம். அப்போதும் நேராகத் திருத்தவில்லை. டிடிரெஸ்கியூ நிரலால் முழு வன்தட்டையும் இன்னொரு தட்டுக்கு அப்படியே பிரதி எடுத்தோம். ஒன்று கவனியுங்கள்: ஈஎக்ஸ்டி4 தட்டை 'வாசிக்க மட்டும்' என்று ஏற்றினாலும், நிலுவையிலுள்ள ஜேர்னலை அது எழுதி முடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்க 'நோலோட்' என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். பிறகு பிரதியின் மேல், அதுவும் ஏற்றாமல் வைத்திருந்து, எஃப்.எஸ்.சி.கே ஓட்டினோம். ஐந்து கட்டம். ஏற்றிப் பாவித்துக்கொண்டிருக்கும் தட்டில் இதை ஓட்டினால், திருத்தப் போனதே உடைத்துவிடும்.

முடிந்ததும் 'லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற கோப்புறைக்குள் ஏழு கோப்புகள் கிடந்தன. உள்ளடக்கம் தப்பி, எந்தக் கோப்புறையைச் சேர்ந்தவை, என்ன பெயர் என்பது தொலைந்துபோனவற்றை எஃப்.எஸ்.சி.கே அங்கே கொண்டுவந்து வைக்கும். பெயருக்குப் பதிலாக இலக்கம் மட்டும். முகாமில் பங்கீட்டு அட்டை இலக்கத்தால் கூப்பிட்டதைச் சொல்லி ஆச்சி சிரித்தா. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆச்சியையும் இன்னும் மூன்று பேரையும் திரைக்கு முன்னால் இருத்தி, ஒவ்வொன்றாகக் காட்டினோம். இரண்டு உறுதிகள். ஒன்று காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் நால்வர், நால்வரின் பெயரையும் ஆச்சி தடங்கலில்லாமல் சொன்னா. கலியாணப் படமும் அதற்குள்தான் இருந்தது. அன்று ஸ்கேன் செய்து சேமிக்க முடியாமற்போனது இரண்டாவது தரம். முதல் தரம் முந்தின கிழமையே யாரோ செய்து வைத்திருந்தார்கள்.

இப்போது பிரதி மூன்று இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்று கடற்கரையிலிருந்து தூரத்தில். கணினிக்கு ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கிவிட்டோம், பட்டரி பழையதுதான்.

ஒரு கோப்புக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. கிடுகு வேலிக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெடியன், பத்துப் பன்னிரண்டு வயது, வலது கையில் கட்டு. படத்தைக் கீழே முதல் கொமென்டில் போட்டிருக்கிறோம். கீரிமலை, மாவிட்டபுரம் பக்கத்து ஆட்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும்தான், வீட்டில் பெரியவர்களுக்கு ஒருக்காக் காட்டிப் பாருங்கள்.