பசளைக் காசுக்கு ஒரு பட்டியல்



பெரும்போகத்துப் பசளைக் காசு வங்கியில் விழுந்தால் தேத்தண்ணிக் கடையில் ஒரே கதைதான். "அவர் செய்யிறது ரெண்டு ஏக்கர், அஞ்சு ஏக்கருக்குக் காசு வந்திருக்காம்." உண்மையா பொய்யா, யாருக்கும் தெரியாது. பார்ப்பதற்குப் பட்டியல் இல்லை. அதனால் இன்று கொஞ்சம் வரலாறு பேசுவோம்.

இலங்கையில் உர மானியம் தொடங்கியது 1962 இல். 1990 இல் நிறுத்தி, 1994 இல் மீண்டும் கொடுத்தார்கள். 2005 இல் 50 கிலோ பை 350 ரூபாய் என்றார்கள். நம் வாப்பாமார் "அந்தர்" என்று சொல்லும் அதே பைதான். 2016 இல் பை போய், ஹெக்டேயருக்கு வருடம் 25,000 ரூபாய் காசு வந்தது. 2018 இல் மறுபடி பை, விலை 500. 2020 இல் நெல்லுக்கு இலவசம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கே தடை. நவம்பரில் தடை நீங்கியது, ஆனால் அந்தப் போகத்து விளைச்சல் விழுந்துவிட்டது. பிறகு மீண்டும் காசு. 2024 இல் ஹெக்டேயருக்கு 15,000 ஆக இருந்தது 25,000 ஆனது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பை ட்ரக்டரில் போனால் வட்டையே பார்க்கும். யார் எத்தனை ஏற்றினார், எந்தக் கடையில் இறக்கினார் என்பதும் தெரியும். வங்கிக்குப் போகும் காசை அப்படி யாரும் காண்பதில்லை.

அடுத்த கேள்வி, காசு யாருக்கு? உறுதி வைத்திருப்பவருக்கா, சேற்றில் இறங்குபவருக்கா? போடியார், முல்லைக்காரர் காலத்திலிருந்தே மட்டக்களப்பில் காணி ஒருவர் பெயரில், வேளாண்மை இன்னொருவர் கையில். பிலிப் குணவர்தன 1958 இல் நெற்காணிச் சட்டம் கொண்டுவந்ததே குத்தகைக்குச் செய்பவரைக் காப்பாற்றத்தான்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 இன் கொடுமைகளுக்குப் பிறகு எங்கட ஆட்கள் பலருக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களுக்குப் போக வழியில்லாமல் போனது. காணி ஒரு கரையில், காணிக்காரர் மறு கரையில். இன்றும் பசளைக் காசு வந்தால் நம் பக்கம், "தமிழாக்களுக்குத்தான் போகுது" என்போம். அந்தப் பக்கம், "செய்யிறது நாங்க, காசு சோனகருக்கு" என்பார்கள். இரண்டு பேச்சையும் நாம் காதால் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கும் ஆதாரம் கேட்டால் எவரிடமும் இல்லை.

தமிழ்நாட்டில் 2020 இல் பிஎம் கிசான் திட்டத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய்க்கு மேல் போனது வெளியே வந்தது. ஐரோப்பாவில் விவசாய மானியம் பெறுவோரின் பெயர்களை வெளியிட்டார்கள். தனிமனிதர் பெயரை எல்லை இல்லாமல் வெளியிடுவது தவறென்று 2010 இல் அங்குள்ள நீதிமன்றம் சொன்னது. அதற்காக முழுவதையும் மூடிவிடவில்லை. 2013 இல் விதியைத் திருத்தி, சிறு தொகை பெறுவோர் பெயரை மட்டும் மறைத்து, மீண்டும் வெளியிட்டார்கள்.

நமக்கும் வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நாம் கேட்பது பெரிதல்ல. பெயர், வட்டை, செய்த ஏக்கர், கிடைத்த தொகை. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் வேண்டாம். கமநல சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒரு பிரதி தொங்கட்டும். அதில் முதலில் நம் வீட்டுப் பெயரைத் தேடுவோம். கூடுதலாக எழுதியிருந்தால் நாமே போய்த் திருத்துவோம். பொதுப்பணம் அமானிதம்.

வாவியின் இரு கரையிலும் உள்ள கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுதித்தர ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.