கால்வாய்க் கரையில் ஒரு நெடும்பாதை

நெடுந்தூரப் பாதை ஒன்றை அமைப்பது என்றவுடன், அரசாங்கத்தார் வரைபடத்தை விரித்துக் கோடு கிழிப்பதும், பொறியியலார் கல்லும் மண்ணும் கொட்டி அதை நிறைவேற்றுவதும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் கால்நடையாகவும் சைக்கிளிலும் செல்வோருக்கென இன்று உலகில் விளங்கும் பாதைகள் சில, முற்றிலும் வேறான நோக்கத்துடன் தொடங்கப்பெற்று, அந்நோக்கம் பொய்த்துப்போன பின்னரே உருக்கொண்டவை. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரையும் பிட்ஸ்பர்க் நகரையும் இணைக்கும் ஏறத்தாழ 335 மைல் பாதையின் வரலாறு அத்தகையது. கிலோமீட்டர்க் கணக்கில் சொன்னால் சுமார் 540. அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

1828-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, பொடோமக் நதிக்கரையில், ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்துச் செசபீக்–ஒஹாயோ கால்வாய்க்குத் தொடக்கம் செய்தார். முதல் வெட்டு ஒரு மரவேரில் தடைப்பட்டது. அவர் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் வெட்டினார் என்பர். கடற்பக்கத்து நீர்வழியை மலைகளுக்கு அப்பாலுள்ள ஒஹாயோ நதியுடன் பிட்ஸ்பர்க்கில் இணைப்பதே திட்டம். அதே நாளில், நாற்பது மைலுக்குள் அமைந்த பால்ட்டிமோர் நகரில், அதே ஒஹாயோவை நோக்கி ஓர் இருப்புப்பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாய்க்கு எமன் அதனுடனேயே பிறந்துவிட்டான் எனலாம்.

இருப்புப்பாதை 1842-இல் கம்பர்லாந்து என்னும் மலையடிவார நகரத்தை அடைந்தது. கால்வாய் தட்டுத் தடுமாறி 1850-இல்தான் அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் போகவே இல்லை. ஆயினும் அது சாமானியமான வேலையன்று. 184 மைலுக்கு மேற்பட்ட நீளம். 605 அடி ஏற்றம். அந்த ஏற்றத்தைக் கடக்க 74 'லாக்கு'கள். சென்னையில் பக்கிங்காம் கால்வாயை அறிந்த பழைய தலைமுறையினருக்கு இச்சொல் புதிதாக இராது. இரு கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ அதனை உயர்த்தித் தாழ்த்தும் அமைப்பு அது. ஓரிடத்தில் மலையைக் குடைந்து 3,118 அடி நீளச் சுரங்கமும் அமைத்தார்கள். படகுகளைக் கரையில் நடந்த கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்தன. அவை நடப்பதற்காக நீரை ஒட்டி நெடுகிலும் போட்ட சமதளமான மண்பாதையே நம் கதையின் உயிர்நாடி.

நிலக்கரி ஏற்றிய படகுகள் 1924 வரை சென்றன. அவ்வாண்டுப் பெருவெள்ளத்தில் கரைகள் உடைந்தன. அத்துடன் போக்குவரத்து நின்றது. அதற்குள் கால்வாய் அதன் பழைய போட்டியாளரான இரயில்வே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டிருந்தது. 1938-இல் மத்திய அரசாங்கம் இருபது லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கிற்று. இந்த வாங்கலின் சிறப்பை அன்று பலர் உணர்ந்திருக்க மாட்டார்கள். துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தால் பின்னால் எவராலும் ஒட்டவைக்க முடியாதிருந்த ஒரு நீண்ட நிலக்கீற்று, முழுமையாக மக்களின் உடைமையாயிற்று.

ஆனால் அந்த நிலத்தை என்ன செய்வது? அதன்மேல் மோட்டார்ச் சாலை போடலாம் என்ற யோசனை வலுப்பெற்றது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை தலையங்கம் எழுதி இதனை ஆதரித்தது. அவர்கள் வாதத்தைப் புறக்கணிப்பதற்கில்லை. கால்வாய் பயனற்றுக் கிடக்கிறது. சிலரே கண்டு மகிழும் பள்ளத்தாக்கைச் சாலை வந்தால் பல்லாயிரவர் காணலாம் என்றார்கள். நடக்க இயலாத முதியவருக்கும் அந்த அழகு உரியதே அன்றோ?

இதற்கு மறுமொழி எழுதியவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். லடாக் வரை நம் இமயப் பகுதிகளில் பயணம் செய்து, 1952-இல் நூலாக எழுதியவர் அவர். அவர் வாதத்தை நீட்டவில்லை. தலையங்கம் எழுதியவரைத் தம்முடன் கால்வாய் நெடுகிலும் நடந்து பார்க்க வருமாறு பத்திரிகை வாயிலாகவே அழைத்தார். அழைப்பு ஏற்கப்பட்டது. மார்ச் 20-ஆம் தேதி கம்பர்லாந்திலிருந்து கூட்டம் புறப்பட்டது. இடையில் சேர்ந்தவரும் விலகியவரும் பலர். எட்டு நாள் நடையில் முழுத் தூரத்தையும் கடந்தவர்கள் ஒன்பது பேரே. அவர்களுள் ஐம்பத்தைந்து வயதான நீதிபதியும் ஒருவர்.

பத்திரிகை ஆசிரியர்களின் பாதங்கள் கொப்புளம் கண்டனவோ இல்லையோ, அவர்களுடைய கருத்து இளகியது. கால்வாயையும் கரைப்பாதையையும் காக்கவேண்டும் என்று அவர்களே எழுதலாயினர். சாலைத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும் வெற்றி உடனே கிட்டிவிடவில்லை. 1961-இல் ஜனாதிபதி ஐஸனோவர் அதனைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1971-இல்தான் அது சட்டப்படி தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. எட்டு நாள் நடை சட்டமாக மாறப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன.

வரலாற்றின் வேடிக்கை இதற்குப் பின்னரே. கம்பர்லாந்துக்கு மேற்கே மலையைத் தாண்டி 1912-இல் இன்னொரு இரயில்வே கம்பெனி தண்டவாளம் போட்டிருந்தது. 1975-இல் அந்தப் பாதையும் கைவிடப்பட்டது. கால்வாயைத் தோற்கடித்த இருப்புப்பாதை இனத்துக்கும் அதே கதி நேர்ந்தது! தண்டவாளம் நீக்கிய தடத்தில் 1986-இல் ஒஹாயோபைல் என்னுமிடத்தில் சில மைல் தூரம் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில்தான் பிட்ஸ்பர்க்கை அடுத்த ஹோம்ஸ்டெட்டில் புகழ்பெற்ற எஃகு ஆலை மூடப்பட்டது. உள்ளூர்த் தொண்டர் சங்கங்கள் பாலம் பாலமாக, சுரங்கம் சுரங்கமாகப் பழுதுபார்த்து முன்னேறின. 2013-இல் கடைசி இணைப்பும் முடிந்து, 150 மைல் பாதை பிட்ஸ்பர்க்கை எட்டியது. 1828-இல் மண்வெட்டி எடுத்தவர்கள் சேரவேண்டிய இடத்தை, 185 ஆண்டுகளுக்குப் பின் சைக்கிள் சேர்ந்தது.

இப்பாதையின் இரகசியம் எளிது. கனத்த இரயிலும் கழுதை இழுக்கும் படகும் செங்குத்தான ஏற்றத்தைத் தாங்கமாட்டா. ஆகவே அன்றைய பொறியியலார் மெல்லிய சரிவையே தேடிச் சென்றார்கள். அவர்கள் உழைப்பின் பயனைப் பிற்காலத்தில் மிதிப்பவரின் முழங்கால்கள் அனுபவிக்கின்றன. கால்வாய்க் கரையில் சில மைல்களுக்கு ஒரு முறை கூடாரமடித்துத் தங்க இடமுண்டு. சுரங்கமும் ஆலையும் மூடி வாடிய சிற்றூர்கள், வழிப்போக்கருக்கு உணவும் உறையுளும் அளித்து ஓரளவு பிழைக்கின்றன. போன ஆலை வேலைக்கு இது ஈடாகாது என்பதும் உண்மை. எனினும் ஊர் காலியாகிவிடாமல் இருப்பதும் ஒரு பேறுதான்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம், இந்த நாட்டைப் பெரும்பாலும் இரயில் பெட்டியின் ஜன்னல் வழியாகவே அறிந்திருக்கிறோம். ஒரே இரவில் மூன்று நதிகளைத் தூக்கத்திலேயே கடந்துவிடுகிறோம். காசிக்கு நடந்து சென்ற நம் முன்னோரோ ஒவ்வோர் ஆற்றிலும் இறங்கி நீராடி, ஒவ்வொரு சத்திரத்திலும் பிற மொழியினருடன் ஒரு திண்ணையில் படுத்தெழுந்து சென்றார்கள். நம் நாட்டிலும் படகு ஓடாத கால்வாய்கள் உள்ளன. கைவிடப்பட்ட மீட்டர்கேஜ் தடங்கள் உள்ளன. அவை என்னவாக வேண்டும் என்பதைப் பொறுமையாக முடிவு செய்யலாம். ஆனால் நிலக்கீற்று அறுபட்டுப் போகுமுன் அதனைக் காத்துவைப்பது மட்டும் பொறுமைக்கு இடமில்லாத வேலை. பொடோமக் கரையில் 1938-இல் அது நடந்ததனால்தான் 1954-இல் நடந்து பார்க்க ஒரு பாதை இருந்தது.