மதுரை ஆசிரியனின் திருப்பணிக் குறிப்பு

சித்தன்னவாசலுக்குச் செல்லும் நம்மவர் அனைவரும் அறிவர் கோயிலின் விதானத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். தாமரைப் பொய்கையும், அதில் மலர் கொய்யும் பவ்வியரும், மீனும் அன்னமும் யானையும் கண்ணைக் கவர்ந்துவிடுகின்றன. சமவசரணத்தின் நீர்நிலையை அங்குக் காண்பதாக நம் பெரியோர் விளக்குவர். ஆயின், முகப்பிற்குத் தெற்கே பாறையில் வெட்டப்பட்டிருக்கும் தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டின் முன் நிற்போர் மிகச் சிலர். அவ்வோவியத்தின் காலத்தைக் கூறுவது அந்தக் கல்வெட்டே.

1920ஆம் ஆண்டளவில் கோபிநாதராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராயும் இவ்வோவியங்களை உலகறியச் செய்தபொழுது, குடைவரையின் அமைப்பைக் கொண்டு இது மகேந்திரவர்ம பல்லவனின் பணி எனக் கருதப்பட்டது. கருத்து அழகாகவே இருந்தது, பாடநூல்களிலும் ஏறிற்று. பின்னர் மேற்கண்ட கல்வெட்டு படிக்கப்பட்டபொழுது அது நிலைக்கவில்லை. அவனிபசேகரன் சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்னே முகமண்டபம் ஒன்றையும் எடுப்பித்தார் என்பது அதன் செய்தி. ஓவியங்களின் காலம் 9ஆம் நூற்றாண்டுக்கு இறங்கியது. அந்தப் பாறையை மட்டும் எவரேனும் கொத்திச் சமன் செய்திருந்தால், நாம் இன்றும் பல்லவர் ஓவியம் என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

இளங்கௌதமனார் செய்ததை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. பழையதில் எதைப் புதுக்கினார், புதியதாக எதைச் சேர்த்தார், எம்மன்னன் ஆட்சியில் செய்தார் என்பதைப் பிரித்துக் கூறிவிட்டார். அவர் எடுத்த முகமண்டபம் பின்னாளில் அழிந்தது. இப்பொழுது நாம் காணும் முன்தூண்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொணர்ந்து நிறுத்தப்பட்டவை. நன்னோக்கத்துடன் செய்த பணிதான். எனினும் விவரம் அறியாது செல்வோர் அத்தூண்களையும் பாண்டியர் பணி என்றே மயங்குவர். உள்மண்டபத்தில் பார்சுவநாதருக்கு எதிர்ப்புறம் ஒற்றைக் குடையின்கீழ் அமர்ந்திருக்கும் ஆசாரியர் திருவுருவின் அருகே ‘திருவாசிரியன்’ என்னும் எழுத்துகள் உள்ளன. ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்தவன் ஆதலால், இவ்விரு ஆசிரியர்களும் எனக்கு நெருங்கிய உறவினர்போலத் தோன்றுவதுண்டு.

இன்று ‘மரபுப் பாதுகாப்பு ஆய்வாளர்’ என்றொரு பணி இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் அதை விரும்பினால், ‘இதற்குச் சம்பளம் யார் தருவார்?’ என்று கேட்கின்றோம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்வாய்வாளர் செய்வது இன்னதென அறிதல் வேண்டும். கட்டடத்தை அளந்து வரைதல், ஒவ்வொரு கல்லையும் நிழற்படம் எடுத்தல், எழுத்துள்ள கல்லுக்கு மைப்படி எடுத்தல், எந்தப் பகுதி எக்காலத்தது எனப் பிரித்தறிதல், ஈரம் எவ்வழியே ஏறுகிறது எனக் கண்டறிதல் ஆகியவை முடிந்த பின்னரே பழுது பார்ப்பது பற்றிப் பேசுவார். சுண்ணாம்புக் காரையால் ஆன பழஞ்சுவர்மீது சிமெண்ட் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துக் கல்லும் காரையும் உதிரும். வெள்ளையடித்தல்கூட ஓரளவு பொறுக்கத்தக்கதே. பொறுமையுடன் நீக்கினால் அடியிலுள்ள எழுத்து மீளும். மணலை வீசியடித்துக் கல்லைப் பளபளப்பாக்கும் முறையில் போன எழுத்து போனதுதான்.

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தை நோக்குக. விசயநகர அமைச்சரும் நம் சமயத்தவருமான இருகப்பர் 1387இல் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. டி. என். இராமச்சந்திரன் அவற்றை வரிசை வரிசையாக ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. அதன் படங்களையும் இன்றைய விதானத்தையும் ஒப்பிடுவோர்க்கு, இடையில் மங்கியது எது என்பது விளங்கும். அந்நூல் இல்லையேல் இழந்தது இன்னதென்றும் நமக்குத் தெரியாது.

இவ்வளவும் எழுதும் நான் குற்றமற்றவன் அல்லன். எங்கள் சிற்றூர் ஜினாலயத்தில் கும்பாபிஷேகத்திற்கு முன் திருப்பணி நடந்தபொழுது குழுவில் நானும் ஒருவன். மண்டபத் தரையில் ஒரு கல்லில் நான்கைந்து வரி எழுத்து இருந்தது. கால் இடறுகிறது என்று முதியோர் குறைகூறவே, தரை முழுவதும் மெருகிட்ட கல் பதிக்க முடிவு செய்தோம். தமிழில் முதுகலை கற்ற நான் கையொப்பமிட்டேன்; படி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. பல்லாண்டு கழித்து ஆய்வு மாணவி ஒருத்தி வந்து, ‘ஐயா, அதில் என்ன எழுதியிருந்தது?’ என்று கேட்டாள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கமும், நடுவே ‘பள்ளி’ என்ற சொல்லும் நினைவிலிருந்தன. அவள் அவ்விரண்டையும் குறித்துக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இவ்வாண்டு மீண்டும் திருப்பணிப் பேச்சு எழுந்துள்ளது. குழுவினரிடம் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். பணி தொடங்குமுன் கோயில் முழுவதையும் நிழற்படம் எடுத்து ஒரு படி ஊரிலும் ஒரு படி அறக்கட்டளையிலும் வைக்க வேண்டும். அந்த மூலையில் மட்டும் பதித்த கல்லைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவதற்கு உடனே இசைந்தனர். இரண்டாவதற்கு, பெயர்க்கையில் அடிக்கல் உடைந்தால் யார் பொறுப்பு என்று வினவினர். சிமெண்டில் பதித்தது ஆதலால் அந்த அச்சம் பொய்யன்று. உளியால் சிறிது சிறிதாகப் பெயர்க்கத் தெரிந்த பழந்தச்சர் ஒருவரை மாணவியே தேடி வருகிறாள்.