கிளிஞ்சலும் கல்லும்: சேதராப்பட்டுப் படிவுகள் பற்றி ஒரு குறிப்பு

சுண்ணாம்பினைக் கிளிஞ்சற் சுண்ணாம்பு, கற்சுண்ணாம்பு என இருவகைப்படுத்தி வழங்குதல் கொத்தர் மரபாகும். முன்னது கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டது. பின்னது அகழ்ந்தெடுத்த கல்லைச் சுட்டது. இவ்விரண்டும் தோற்றத்தால் ஒன்றே என்பதற்குரிய சான்று, புதுச்சேரிக்கு வடமேற்கே சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் ஆகிய ஊர்களின் நிலத்தடியில் உள்ளது.

கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணச் சத்தினைக் கொண்டு சிப்பி, நத்தை முதலியனவும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் தமக்கு ஓடு அமைத்துக்கொள்கின்றன. அவை மாய்ந்தபின் அவ்வோடுகள் கடலடியிற் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆகின்றன. சேதராப்பட்டு நிலமும் ஒருகாலத்துக் கடலாயிருந்ததே.

கேயி, கன்லிஃப் என்போர் புதுச்சேரிப் பகுதியில் திரட்டிய உயிர்ச்சுவடுகளை எட்வர்டு ஃபோர்பசு ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு வகைகளுக்குச் சிவன், பிரமன், இந்திரன், வருணன், கணேசன் என அவர் பெயரிட்டமை தமிழறிஞர் பலரும் அறியாத செய்தியாகும். பின்னர் 1895-இல் வார்த்தும், 1897-இல் கோசுமாட்டும் இப்படிவுகளை அடுக்கு வாரியாகப் பகுத்தனர். மேலடுக்கில் அம்மோனைட்டு இல்லை. அவ்வடுக்கு பிற்பட்ட ஊழியைச் சார்ந்தது என்பதனை 1960-களில் நுண்ணுயிர்ச்சுவட்டு ஆய்வுகள் தெளிவுபடுத்தின. அது இன்று கரசூர்ப் படிவு எனப்படும். எனவே, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகட்கு முன் ஓர் ஊழி முடிந்து மற்றொன்று தொடங்கிய எல்லை இவ்வூர்களினூடே செல்கின்றது.

பயனைப் பொறுத்தவரை சுருங்கக் கூறலாம். தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கினைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், 44 பங்கு கரியமில வாயுவாக வெளியேற, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாக எஞ்சும். நீர் தெளிப்பின் அது கொதித்து நீறாகும். சுவரிற் பூசியபின் காற்றிலுள்ள அவ்வாயுவையே மீண்டும் ஏற்றுக் கல்லாகும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு மாளிகைகளின் பூச்சு இவ்வாறு இறுகியதே. கல்லக்குடியில் 1939-இல் தொடங்கிய சிமெண்டு ஆலைக்கு உதவிய கல்லும், வழுதாவூர்ப் படிவினும் மூத்ததாயினும், இவ்வாறே கடலடியில் அமைந்ததாம்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். சேதராப்பட்டில் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. கரசூரை ஒட்டிய நிலமும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கெனக் கையகப்படுத்தப்பட்டது. இங்குக் குன்றோ பாறைச்சரிவோ இல்லை. கிணறு வெட்டிய மண்ணிலும் ஓடைக்கரையிலுமே இப்படிவுகளைப் பெரும்பாலும் காணவியலும். அடித்தளம் தோண்டுங்கால் வெளிப்படும் கற்களை அடுக்கு முறை பிறழாமல் குறித்து, ஓரிடத்திற் சேர்த்து வைத்தல் அரிதன்று. கட்டடம் எழுந்தபின்னரோ ஆழ்துளையிட்டே அவற்றை அறியவேண்டியிருக்கும்.