பேர் வைக்காத பேண்டும் ரெண்டு காசெட்டும்

பீட்டில்ஸ், போனி எம், அப்பான்னு ஆளாளுக்கு ஒரு பேண்ட் வெச்சிருக்காங்க. (அப்பான்னா தோப்பனார் இல்லீங்க, ஸ்வீடன் கோஷ்டி.) பீட்டில்ஸ்ல யார் யார்னு கேட்டா நாலு பேரையும் கடகடன்னு ஒப்பிப்பாங்க. நம்ம ஊர்லயும் அப்படி ஒரு பேண்ட் இருந்துச்சு. சாலிகிராமம் பிரசாத் ஸ்டுடியோவுல காலை 7 மணிக்கே கூடிடும். என்ன, அதுக்கு யாரும் பேர் வைக்கல. ராஜா ஆர்க்கெஸ்ட்ரா, அவ்ளோதான்.

அந்தக் கோஷ்டி வாசிச்ச ஆயிரக்கணக்கான சினிமாப் பாட்டுக்கு நடுவுல ரெண்டே ரெண்டு காசெட்ல மட்டும் நடுவுல பாடகரும் இல்ல, ஆடுறதுக்கு ஹீரோவும் இல்ல. 1986ல 'ஹௌ டு நேம் இட்', 1988ல 'நத்திங் பட் விண்ட்'. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.. முதல் காசெட்டை தாம்பரத்துல ஒரு ரெக்கார்டிங் கடைல டிடிகே 60ல பதிஞ்சு வாங்கினேன். பொத்தேரில அப்ப ராத்திரி ஆனா ரயில் சத்தத்தை விட்டா தவளைச் சத்தம்தான். அந்த அமைதில வயலின் கேட்டவனுக்கு வேற எதுவும் ஏறாதுங்க.

'ஹௌ டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கைன்னு வந்தது. மொத்தம் பத்து உருப்படி. எல்லாரும் பேசறது 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பத்தித்தான். பாக் 1720 வாக்குல தனி வயலினுக்குன்னு எழுதின ஈ மேஜர் பார்ட்டிட்டாவோட முன்னுரைப் பகுதி இருக்கே, அதை அப்படியே ஓடவிட்டு, அதுக்கு மேல ராஜா வேற தந்திக் கருவிகளைப் பேச விடறார். மூலத்துல கைய வைக்கல. பக்கத்து வீட்டுத் திண்ணைல உக்காந்து கூடப் பேசற மாதிரி. அடுத்த உருப்படி பேரே 'அண்ட் வி ஹேட் எ டாக்'!

பாக்கைத் தொட்டா தீட்டுங்கற மாதிரி சிலர் சொல்றதைக் கேட்டிருக்கேன். அவங்களுக்கு ஒரு தகவல். பாக்கே அதே பகுதியை எடுத்து, 1731ல தன்னோட 29ஆவது காண்டாட்டாவுல ஆர்கனுக்குக் கொடுத்து, கூட ஒரு வாத்தியக் கோஷ்டியே சேர்த்து முழங்க விட்டிருக்கார். எழுதினவரே பிரிச்சு மேஞ்ச பாட்டு சாமி அது.

பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்துக்குப் பின்னணியா இந்தக் காசெட்டைத்தான் எடுத்துக்கிட்டார். அந்தப் படத்துக்காக எழுதினது இல்லேன்னு சொன்னா நம்பவே முடியாது. ஜிஎஸ்டி ரோடு ஓரமா அரை கிரவுண்டு வாங்கி செங்கல் விலைக்கு அல்லாடின எங்களுக்கெல்லாம் அந்த வயலின் இன்னும் கொஞ்சம் கூடவே வலிக்கும்.

'நத்திங் பட் விண்ட்' ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். அஞ்சு உருப்படி, அதுல ஒண்ணு 'மொசார்ட் ஐ லவ் யூ'. அழகு, சந்தேகமே இல்ல. ஆனா என் ஓட்டு முதல் காசெட்டுக்குத்தான். விருந்தாளி வந்துட்டா வீட்டு ஆளுங்க கொஞ்சம் ஒதுங்கி நிப்பாங்கல்ல, அது இதுல தெரியும்.

அந்த வீட்டு ஆளுங்க யாருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? சினிமாக் காசெட் அட்டைல படம், பாட்டு, பாடகர், கவிஞர்.. அதோட முடிஞ்சுது. 'இளைய நிலா'வைப் பாடாத தமிழன் இல்ல, ஆனா கிடார் வாசிச்ச சந்திரசேகரை யாரும் கேக்கல. டிரம்ஸ் புருஷோத்தமன் அவரோட அண்ணன் தம்பி உறவுதான். பேஸ் கிடார் சசி, கீபோர்டு விஜி மானுவல், இன்னொரு கிடார் சதானந்தம். புல்லாங்குழல் நெப்போலியனை மட்டும் ஊருக்குத் தெரியும், அதுவும் அருண்மொழின்னு பாடகரானதால. கீபோர்டுல உக்காந்திருந்த திலீப்ங்கற பையன் ஏ.ஆர்.ரஹ்மான் ஆனது தனிக்கதை.

இந்த முதல் காசெட் வந்த அதே 1986லதான் 'புன்னகை மன்னன்' வந்துச்சு, சீக்வென்சர் சத்தத்தோட. அதையும் ராஜாவேதான் கொண்டுவந்தார். பத்து பேர் வாசிக்கறதை ஒரு பெட்டி வாசிக்கும்னு ஆனப்புறம், 90கள்ல அந்த வயலின் வரிசைகளுக்கு வேலை குறைஞ்சுபோச்சு. முன்னாடி தினம் ரெண்டு மூணு கால்ஷீட்டுன்னு ஓடினவங்க, வீட்ல டியூஷன் எடுக்க ஆரம்பிச்சாங்க. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, வாசிக்கறவங்க பேரையெல்லாம் அட்டைல ஒழுங்காப் போடற பழக்கம் அந்தப் பெட்டியக் கரைச்சுக் குடிச்ச ரஹ்மான் காலத்துலதான் வந்துச்சு.

புருஷோத்தமன் 2020ல போயிட்டார். 2021ல ராஜாவும் பிரசாத்தை விட்டுக் கோடம்பாக்கத்துல சொந்த ஸ்டுடியோவுக்குப் போயாச்சு. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன்ல அவரோட 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறினப்ப சந்தோஷத்துல தூக்கமே வரல. ஆனா வாசிச்சது அங்கத்திய கோஷ்டி. நோட்ஸ் வெக்கறதுக்கு முன்னாடியே ராஜா கண்ணைப் பார்த்து வாசிக்கற நம்ம ஆளுங்க அங்க இல்லியேன்னு ஒரு சின்ன உறுத்தல் இருக்கத்தான் செஞ்சுது.

'ஹௌ டு நேம் இட்'ல அந்த வயலினை வாசிச்ச வி.எஸ்.நரசிம்மன் 1990கள்ல ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோன்னு நாலே பேரோட ஒரு குழு ஆரம்பிச்சார். கர்நாடகக் கீர்த்தனையை மேற்கத்திய ஹார்மனியோட வாசிக்கற குழு. இதுக்கு மட்டும் பேர் வெச்சாங்க, மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்.