தயிர்க் கிருமியும் ஒவ்வாமையும்: ஒரு நூற்றாண்டுக் கதை

பாலில் உறைமோர் ஊற்றுவது நம் வீடுகளில் அன்றாட வேலை. அந்த மோருக்குள் இருக்கும் உயிர் எது என்று அறிவியல் ஆராய்ந்தது அண்மைக் காலத்தில்தான். 1905இல் ஜெனீவாவில் பயின்ற பல்கேரியர் ஸ்டாமென் கிரிகோரோவ், தம் நாட்டுத் தயிரில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெச்னிகோஃப், இத்தகைய தயிர் முதுமையைத் தள்ளிப்போடும் என்றார். 1908இல் அவர் பெற்ற நோபல் பரிசு நோய் எதிர்ப்பு ஆய்வுக்கானது, தயிருக்கன்று.

'அலர்ஜி' என்ற சொல்லும் ஏறத்தாழ அப்போது பிறந்ததே. வியன்னா மருத்துவர் பிர்கே 1906இல் அதைப் படைத்தார். அலர்ஜியும் தயிர்க் கிருமியும் ஒரே ஆய்வில் சந்தித்துப் பெரிதும் பேசப்பட்டது 2001இல். பின்லாந்தின் துர்க்கு நகரில், ஒவ்வாமை வழிவழியாக உள்ள குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கும், பிறகு குழந்தைகளுக்கும் 'லாக்டோபேசிலஸ் ஜிஜி' கொடுத்தார்கள். இரண்டு வயதில் கரப்பான் கண்ட குழந்தைகள் 23 விழுக்காடு; கொடுக்காதவர்களில் 46. ஆனால் 2008இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் இந்தப் பலன் தெரியவில்லை.

அடுத்தது மெல்போர்ன். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்கு நற்கிருமியையும், சிறிது சிறிதாகக் கூட்டிய கடலைப் புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தனர். 2015இல் வந்த முடிவில் 82 விழுக்காட்டினர் தேறினர். வெற்று மருந்து உண்டவர்களில் 4 விழுக்காட்டுக்கும் குறைவே. உலகமே வியந்தது. நான் வியாபாரி, எனக்கு ஒரு கேள்வி. ரெண்டு பங்காளி நடத்தின கடையில் லாபம் யார் கைராசி? தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டாமா? பார்த்தார்கள். 2022இல் வெளியான, 201 பிள்ளைகள் பங்கேற்ற ஆய்வில் இரண்டும் உண்டவர்களில் 46 விழுக்காடும், கடலை மட்டும் உண்டவர்களில் 51 விழுக்காடும் தேறினர். ஆக, பலன் கடலை சிகிச்சைக்கே உரியது. கிருமி அதைக் கூட்டவில்லை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். "பால் ஒத்துக்கலையா, தயிர் குடுங்க, சரியாயிடும்" என்று நம்மவர் சொல்வதுண்டு. பாலின் சர்க்கரை செரிக்காதவருக்கு அது ஓரளவு பொருந்தும். கிருமி அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. பால் புரதமே ஒவ்வாத குழந்தைக்கு அப்படியல்ல. உறைந்தாலும் அந்தப் புரதம் தயிரில் இருக்கவே செய்கிறது; மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம். கடலை சிகிச்சையும் மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது, வீட்டில் செய்து பார்ப்பதற்கன்று. இரண்டு ஒவ்வாமையில் எது என்று மருத்துவரிடம் தெளிந்த பிறகே தயிர்க் கிண்ணத்தை நீட்டுங்கள் என்பது எளியேன் வேண்டுகோள்.