வேப்பர்வேர்: வராத பொருளின் வரலாறு

உருவாகி முடியும் முன்பே, சில வேளைகளில் உருவாக்கத் தொடங்கும் முன்பே, சந்தைக்கு வரப்போவதாக அறிவிக்கப்படும் கணினிப் பொருளை 'வேப்பர்வேர்' என்பர். வேப்பர் என்றால் ஆவி. 1982-இல் மைக்ரோசாப்ட் பொறியாளர் ஒருவர், தம் நிறுவனத்தின் செனிக்ஸ் இயங்குதளம் பற்றிக் கேட்கப்பட்டபோது இச்சொல்லைச் சொன்னார். மறு ஆண்டு எஸ்தர் டைசன் தம் செய்திமடலில் எழுதி அதைப் பரப்பினார்.

சொல்லைவிட வழக்கம் பழையது. 1964-இல் கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் 6600 உலகின் மிக வேகமான கணினியாக இருந்தது. அதை விஞ்சும் கணினி தன்னிடமிருந்து வருகிறது என்று ஐபிஎம் அறிவித்தது. அப்போது அது தாளில்தான் இருந்தது. ஆயினும் 6600-ஐ வாங்க இருந்தவர்கள் காத்திருக்கத் தொடங்கினர், விற்பனை சரிந்தது. ஐபிஎம்மின் கணினி கைக்கு வந்தது 1967-இல். மறு ஆண்டு கன்ட்ரோல் டேட்டா தொடுத்த வழக்கு, 1973-இல் சமரசத்தில் முடிந்தது. தாமதம் இங்கே குற்றமன்று. எந்தப் பொறியாளரின் கணக்கும் தவறலாம். இல்லாத பொருளைக் காட்டி, இருக்கும் பொருளை வாங்க வந்தவரை நிறுத்தி வைத்ததே வழக்கானது.

1983-இல் ஓவேஷன் என்ற அலுவலக மென்பொருளின் செயல்விளக்கம் கண்டவர்கள் வியந்தனர். அந்த மென்பொருள் வெளிவரவே இல்லை. நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. அதே 1983-இல் அறிவிக்கப்பட்ட விண்டோஸ், இரண்டு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. அறிவித்த நாளில் இரண்டுக்கும் வேறுபாடு காண வாங்குபவருக்கு வழியில்லை.

இந்தியாவில் இது கைபேசி வடிவில் வந்தது. 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் 'ஃப்ரீடம் 251' என்ற திறன்பேசியை 251 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தது. அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்கூலி 183 ரூபாய். கல்வராயன் மலையில் அவ்வேலைக்குச் செல்பவருக்கும் இரண்டு நாள் கூலிக்குள் ஒரு திறன்பேசி! முன்பதிவு தொடங்கியதும் இணையதளம் முடங்கியது. பணம் கட்டியோருக்கு அதைத் திருப்பித் தருவதாக நிறுவனம் பின்னர் கூறியது. விநியோகஸ்தர் ஒருவரின் புகாரில், 2017 பிப்ரவரியில் அதன் நிர்வாகி கைதானார். அறிமுகத்தின்போது செய்தியாளர்களிடம் தரப்பட்ட மாதிரிக் கைபேசிகளில் 'ஆட்காம்' என்ற வேறொரு நிறுவனத்தின் பெயர், எழுத்துப்பிழை திருத்தும் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது.